முந்நீருக்குத் திரும்பினேன்

பதிவு 143
மே 27, காலை 9.10
அறை: 15 டிகிரி. கேமில் இருப்போர்: 212

குழாய் அழுத்தம் சரி. இரண்டாம் பம்ப் லேசாக முனகுகிறது, கிரீஸ் வைத்தேன். காற்று வடிகட்டி மாற்ற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

இதை எந்தப் புண்ணியவான் கையில் எடுப்பாரோ தெரியாது. அதனால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலவின் தென்முனை, வெயிலே விழாத ஒரு பள்ளம். விளிம்பில் ஒரு கம்பம், அதன் உச்சியில் சூரியத் தகடுகள். அந்த மின்சாரம் கீழே இறங்கி ஒரு சர்வர் கூடத்தை ஓட்டுகிறது. காவல் இன்ஜினியர் நான் ஒருவன்தான். சர்வர்களை நான் தொட முடியாது. அவை இரும்புக் கூண்டுக்குள் இருக்கின்றன, திறவுகோல் வாடிக்கையாளர் கையில், அதுவும் பூமியில். குழாய்களையும் பம்ப்களையும் பார்த்துக்கொள்வது மட்டும் என் வேலை.

சர்வர்களின் சூட்டை வாங்கிக்கொள்ளும் தண்ணீர்க் குழாய் என் கட்டிலுக்குப் பின்னால் ஓடுகிறது. எனக்கென்று தனி ஹீட்டர் கிடையாது. முப்பத்தெட்டு கிலோ எடை மிச்சம் என்று எந்த மேதாவிக்கோ தோன்றியிருக்கிறது. மூன்று வாடிக்கையாளர்களில் இருவர் காலி செய்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு இணைய கேம், பெயர் முந்நீர். அதில் கூட்டம் கூடினால் எனக்குக் கதகதப்பு, கலைந்தால் குளிர். 212 பேர் என்றால் இரண்டு ஸ்வெட்டர்.

இன்று அதன் முகப்பில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. "ஜூன் 1 முதல் புதிய முந்நீர். தவறுகளைத் திருத்திவிட்டோம். திரும்பி வாருங்கள்." காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவு 144
மே 28, காலை 10.00
அறை: 15 டிகிரி. கேமில் இருப்போர்: 208

தெரியாமல் இங்கே வந்து மாட்டிக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய். முந்நீர் எந்தக் கூடத்தில் ஓடுகிறது என்று விசாரித்துத்தான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன்.

என் பெயர் வேதமாணிக்கம். ஊர் நாசரேத். நான்கு வருடம் முன்பு, முந்நீரைச் செய்த அலைக்கூடம் கம்பெனியில் பரிசோதனைத் தலைவனாக இருந்தேன். கேம் நல்ல கேம்தான். ஆளாளுக்கு ஒரு வேடம் போட்டுக்கொண்டு, படகு கட்டி, சரக்கேற்றி, ஊர் ஊராகக் கடல் ஓடலாம். ஒரு படகு கட்டி முடிக்க மாதக்கணக்கில் பிடிக்கும். அதுதான் ருசியே.

அதில் ஒரு நோய் இருந்தது. ஒரே துறைமுகத்தில் மூவாயிரம் படகுக்கு மேல் சேர்ந்தால் கடலின் தரை உடைந்துவிடும். அத்தனை படகும் அடியில் போய்விடும், போனது போனதுதான். பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வெளியீட்டுக்கு முந்தின நாள் நிரஞ்சன் என் மேசைக்கு வந்தான். அவன்தான் கேமின் தலைமை. முப்பது வயது, எதற்கும் சிரிப்பான். சார், கையெழுத்து மட்டும் போட்டுடுங்க, லான்ச் முடிஞ்சதும் சரி பண்ணிடலாம் என்றான். எல்லா ஆபீசிலும் நடப்பதுதானே. போட்டேன்.

முதல் நாளே எல்லாம் மூழ்கியது. சோதனைக் காலத்திலிருந்து பதினொரு மாதம் விளையாடியவர்களின் படகுகள், பெயர்கள், சரக்குகள், எல்லாம். மறுநாள் நிரஞ்சன் ஒரு மன்னிப்புக் கடிதம் வெளியிட்டான். "எங்கள் பரிசோதனைத் தலைவர் வேதமாணிக்கம் அளித்த உறுதியை நம்பி வெளியிட்டோம்." கீழே என் கையெழுத்தின் படம். பதினாறு பக்கத்தைப் பற்றி மூச்சே இல்லை. அதன் பிறகு எந்தக் கேம் கம்பெனியும் என்னைச் சேர்க்கவில்லை. ஊரில் எனக்கு நடந்த கல்யாணப் பேச்சுகூட அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் நின்றது.

குழாயை அடைத்து சர்வர்களைப் பொசுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் பழி மறுபடி என் தலையில் விழும். ஒருமுறை போதும். முந்நீர் தன் சொந்த நோயால் சாக வேண்டும். அவன் பார்க்கச் சாக வேண்டும்.

பதிவு 148
ஜூன் 1, மாலை 4.30
அறை: 20 டிகிரி. கேமில் இருப்போர்: 9,431

ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

நானும் உள்ளே போனேன். புதிய பெயர், சங்கு. சர்வர் பக்கத்து அறையில் இருந்தாலும் கேமுக்குள் நுழையும் வாசல் பூமியில்தான், அதனால் நான் திருப்பும் சுக்கான் அங்கே போய் வர இரண்டரை விநாடி ஆகிறது. படகுக்கு அது பெரிய குறையில்லை. தண்ணீரை அழகாகச் செய்திருக்கிறார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். வயிறு எரிந்தது.

நேராகக் கேமின் பெரிய துறைமுகமான கொற்கைத்துறைக்குப் போய் நோயைத் தேடினேன். திருத்தவில்லை. மறைத்திருக்கிறார்கள். துறைமுக வாயிலில் ஒரு வரம்பு. உள்ளே 2,500 படகு சேர்ந்ததும் கடலிலிருந்து வருகிறவர்களை வேறு துறைக்கு விரட்டுகிறது. ஓட்டை விழுந்த சுவரில் காலண்டர் மாட்டுகிற வேலை. அப்படியே நிரஞ்சன்தான்.

வாயிலில் மட்டும்தான் எண்ணுகிறார்கள். துறைக்குள்ளேயே இருக்கும் கட்டுதளத்தில் புதிதாக இறங்குகிற படகை யாரும் எண்ணவில்லை. மூன்று தடவை சோதித்தேன். நான்கு வருடமாக அந்த வேலை இல்லாவிட்டாலும் கை மறக்கவில்லை.

பதிவு 150
ஜூன் 3, மதியம் 12.15
அறை: 21 டிகிரி. கேமில் இருப்போர்: 12,870

கட்டுதளத்தில் ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள். பெயர் மெர்சிலா, ஊர் கடலோரத்துத் தருவைக்குளம். நிஜத்தில் வீட்டுக்காரருக்கு விசைப்படகு இருக்கிறதாம். இப்போது மீன்பிடித் தடைக்காலம், அறுபத்தொரு நாள் படகு கரையில் கிடக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு போனில் கேமில் கடலுக்குப் போகிறார்கள். சிரிப்பு வந்தது. அவள் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்.

"மொத தடவ எட்டு மாசம் கட்டுன படகு அண்ணாச்சி. ஜெபமாலைன்னு பேரு. ஒரே நாள்ல போச்சு. இனிமே இந்தப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாதுன்னு இருந்தோம். தடைக்காலம், வீட்ல உக்காந்து எவ்வளவு நேரந்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறது. அதான் வந்துட்டோம்."

"கம்பெனிய நம்புறீங்களாம்மா?"

"கம்பெனி என்ன செய்யும். அவன் ஒருத்தன் இருந்தாம்லா, வேதமாணிக்கம்னு. எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்ட பய. அவன் மட்டும் எங் கைல கெடச்சாம்னா கருவாடா காயப் போட்டுருவேன்."

 கேமை விட்டு வெளியே வந்து குழாயைத் துடைத்தேன். துடைக்க வேண்டிய அவசியமே இல்லை. இவளுக்கு என் முகம் தெரியாது, என் ஊர் அவள் ஊருக்கு ஒரு பஸ் தூரம். அவள் வாயில் என் பெயர் இப்படிக் கிடக்கிறது என்றால் அதைப் போட்டவன் நிரஞ்சன்.

பதிவு 153
ஜூன் 6, காலை 11.40
அறை: 23 டிகிரி. கேமில் இருப்போர்: 17,200

வழி கிடைத்துவிட்டது. மெர்சிலாதான் வழி.

எங்கள் கடற்கரையில் தடை நீங்குகிற நாள் ஒரு திருநாள். ஜூன் 15 விடிகாலை, மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு, ஐஸ் ஏற்றிக்கொண்டு, அத்தனை படகும் ஒரே துறையிலிருந்து ஒன்றாகப் புறப்படும். இதைக் கேமிலும் செய்தால் என்ன என்று மெர்சிலாவிடம் கேட்டேன். கொற்கைத்துறையில், எல்லாரும் கூடி, அங்கேயே கட்டின புதுப் படகோடு. புதுப் படகு என்பதில்தான் என் தூண்டில் இருந்தது.

"ஐயோ, நல்லா இருக்கும் அண்ணாச்சி. நான் சொல்லுதேன் எல்லார்ட்டயும். வேம்பார்லருந்து மணப்பாடு வரைக்கும் ஒருத்தர விடமாட்டேன்."

விடவில்லை. இரண்டு நாளில் ஆயிரத்து நூறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். சின்னப் படகு போதும், ஒரு வாரத்தில் கட்டிவிடலாம் என்று அவளே அளவு போட்டு எல்லாருக்கும் அனுப்புகிறாள். டோக்கன் அச்சடிக்கிறாள். மரம் இல்லாதவர்களுக்குத் தன் மரத்தைக் கொடுக்கிறாள்.

பதிவு 158
ஜூன் 11, மாலை 5.05
அறை: 25 டிகிரி. கேமில் இருப்போர்: 26,540

பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கால் விரல் சூடாக இருக்கிறது. நேற்று நன்றாகத் தூங்கினேன். எழுந்ததும், போகட்டுமே, இப்படியே ஓடட்டுமே என்று ஒரு நினைப்பு வந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

மத்தியானம் கட்டுப்பாட்டு மையம் செய்தித் தொகுப்பு அனுப்பியது. அதில் நிரஞ்சனின் பேட்டி. தாடி வைத்திருக்கிறான். "போன தடவை ஒரே ஒருத்தர் பண்ண அலட்சியம். இந்தத் தடவை அந்த மாதிரி ஆளுங்க டீம்ல இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்த நினைப்பு அதோடு சரி.

பதிவு 162
ஜூன் 15, காலை 8.20
அறை: 27 டிகிரி. கேமில் இருப்போர்: 31,006

முடிந்தது.

காலை ஆறு மணிக்குக் கொற்கைத்துறையில் தண்ணீரே தெரியவில்லை, அவ்வளவு படகு. வரம்பு 2,500-ல் வாயிலை மூடியது. கட்டுதளத்திலிருந்து புதுப் படகுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. மெர்சிலா முன்னால் நின்று டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் படகில் மறுபடியும் ஜெபமாலை என்றே பெயர். 2,900. 2,980. 3,000. கடைசிப் படகு என்னுடையது, அதை நானே இறக்கினேன்.

தரை உடைந்தது. சத்தம்கூட வரவில்லை. எல்லாம் நின்ற வாக்கில் கீழே போனது.

சிரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு, தயாராக வைத்திருந்த பதினாறு பக்கத்தையும் தேதியோடு எல்லாருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டினேன். "இந்த நோயை நான்கு வருடம் முன்பே எழுதிக் கொடுத்தேன். மறைத்தவன் நிரஞ்சன். இப்படிக்கு வேதமாணிக்கம், உங்கள் சங்கு."

பத்து நிமிடத்தில் ஊர் முழுக்க நிரஞ்சனைக் கிழித்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன், இனித்தது. நடுவில் மெர்சிலா.

"அப்போ மூழ்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

நான் எழுதுவதற்குள் அடுத்தது வந்தது.

"தெரிஞ்சேதான் எங்கள வரச் சொன்னீங்களா?"

என் மேல் தப்பு இல்லை என்று ஊருக்கே காட்டிவிட்டேனே, அது போதாதா உனக்கு என்று எழுத நினைத்தேன். அதற்குள் அவள் வெளியேறிவிட்டாள்.

பதிவு 165
ஜூன் 18, காலை 9.00
அறை: 11 டிகிரி. கேமில் இருப்போர்: 110

இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி. தெரிந்து செய்ததுதான். இந்தக் குளிரில் ஐந்து மாதம் இருந்தவன், இன்னும் பன்னிரண்டு நாள் இருக்க முடியாதா? ஜூன் 30 மாற்று ஆளோடு விண்கலம் வருகிறது. அலைக்கூடத்தில் பணம் போட்டவர்கள் எல்லாம் கையை விரித்துவிட்டார்களாம். நன்றாக வேண்டும் அவனுக்கு.

பதிவு 166
ஜூன் 19, மதியம் 2.30
அறை: 9 டிகிரி. கேமில் இருப்போர்: 57

கட்டுப்பாட்டு மையத்திலிருந்து பர்வீன் பேசினாள். தினமும் என்னோடு பேசுகிற பெண் அவள்தான். குரலே சரியில்லை.

"சார், அலைக்கூடம் கேம மூடுறாங்க. 21-ம் தேதி காலைல பதினோரு மணிக்கு மொத்த சர்வரும் நிக்கும்னு ஆர்டர் போட்டுட்டாங்க."

"அறை உறைஞ்சு போகும் பர்வீன். வேற சூடு இங்க கிடையாது."

"தெரியும் சார். அவங்களுக்கு நாலு மெயில் போட்டாச்சு. ஆபீஸையே காலி பண்றாங்க, யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க. ஆர்டர நிறுத்துற சாவி அவங்க தலைமை ஒருத்தர் கிட்டதான் இருக்கு. நின்னுட்டா சாவி தானா அழிஞ்சிடும் சார், ஒப்பந்தம் அப்படி. அப்புறம் யாராலயும் எழுப்ப முடியாது. கலத்த சீக்கிரம் அனுப்பப் பாக்குறோம். 27-க்கு முன்னாடி முடியாதுங்கறாங்க. அவங்க ஆளு யாராவது உங்களுக்குத் தெரியுமா சார்?"

தெரியாது என்றேன். பொய்தான். ஆனால் நிரஞ்சனின் நம்பரும் என்னிடம் இல்லை.

கம்பத்து மின்சாரம் முழுக்கக் கூண்டுக்குள் இறங்குகிறது. என் பக்கம் வருவது விளக்குக்கும் காற்றுக்கும் ரேடியோவுக்கும் போதுமான ஒரு மெல்லிய கம்பி. கூண்டை அறுக்க முடியுமா என்று பார்த்தேன். நான்கு விரல் தடிமன். விண்வெளி உடையில் நாற்பது மணி நேரத்துக்குச் சூடு இருக்கிறது. 21-லிருந்து 27 வரை ஆறு நாள்.

பதிவு 167
ஜூன் 20, காலை 10.10
அறை: 8 டிகிரி. கேமில் இருப்போர்: 6

அலைக்கூடத்துக்கு நானே எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரம் பதில் போட்டது.

மெர்சிலாவுக்கு எழுதினேன். நான் நிலவில் இருக்கிறேன், சர்வர் நின்றால் செத்துப்போவேன், கூடத்தை மூட வேண்டாம் என்று உங்கள் ஆட்களை விட்டுக் கத்தச் சொல்லுங்கள் என்று. ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது.

"மொதல்ல தடை நீங்குற நாள் கொண்டாடுவோம்னீங்க. இப்ப நிலாவுல இருக்கேங்கீங்க. எங்கள மறுபடி உள்ள கூப்புடுறதுக்கு இதும் ஒரு கதையா? அன்னைக்கு ரெண்டாயிரம் பேர நான்லா கூட்டிட்டு வந்தேன், அவங்க மூஞ்சில எப்படி முழிக்கன்னு தெரியாம இருக்கேன். விட்ருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி என்று எழுதாமலாவது இருந்திருக்கலாம்.

பதிவு 168
ஜூன் 21, காலை 11.25
அறை: 5 டிகிரி. கேமில் இருப்போர்: 0

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். 

10.50. கேமில் நான் மட்டும் இருந்தேன். ஒரு ஆள் விளையாடினாலும் துளி சூடு வரும் என்ற கணக்கு. கொற்கைத்துறையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 10.51-க்கு எண்ணிக்கை 2 ஆனது. தங்க நிறத்தில் ஒரு பெயர், தலைமை.

"யாராவது இருக்கீங்களா? பதினோரு மணிக்கு எல்லாம் நிக்குது. தயவுசெஞ்சு வெளிய போயிடுங்க. நான் சும்மா கடைசியா ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நிரஞ்சன்."

"ஆமா. நீங்க யாரு?"

"வேதமாணிக்கம்."



"அந்த ரிப்போர்ட்ட ஒட்டினவரா? உங்க முகம் எனக்கு ஞாபகமே இல்ல சார். சாரி. அந்த டீம்ல நாப்பது பேர் இருந்தாங்க."

நான்கு வருடம். காலையில் பல் துலக்கும்போதுகூட அவன் முகத்தோடுதான் துலக்கினேன். அவனுக்கு என் முகம் ஞாபகமே இல்லை.

அதன் பிறகு நான் எழுதினேன், எழுதினேன், விடவே இல்லை. மூன்றாம் மாடி, ஜன்னல் ஓரம் என் மேசை, அவன் நீட்டின படிவம், அவன் போட்டிருந்த நீலச் சட்டை, லான்ச் முடிஞ்சதும் சரி பண்ணிடலாம் என்றது. கடிதத்தில் என் கையெழுத்தைப் படமாகப் போட்டது. நின்றுபோன கல்யாணம். பேட்டியில் சிரித்தது. நேரம் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. 10.54. 10.56. கண்ணில் பட்டது. பட்டும் எழுதினேன்.

10.57. "ஞாபகம் வருது சார். பதினாறு பக்கம். நான் மொத ரெண்டு பக்கம்தான் படிச்சேன்."

10.58. "தப்பு என்னோடதுதான். பயந்துட்டேன். யாரையாவது காட்டணும்னு உங்க பேரப் போட்டேன். நாலு வருஷத்துல ஒரு நாள்கூட உங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் யோசிக்கல. மன்னிச்சிடுங்க சார்."

படித்தேன். மறுபடி படித்தேன். நெஞ்சுக்குள் என்னவோ இறங்கி உட்கார்ந்தது, அவ்வளவு நிம்மதி.

10.59. "நான் இப்போ என்ன பண்ணட்டும் சார்? கேளுங்க, என்னால முடிஞ்சது எதுவா இருந்தாலும் பண்றேன்."

நான் எழுதியது: "இதையெல்லாம் உன் பெயரில் ஊருக்குத் தெரிய எழுதிப் போடு."

"போடறேன் சார். இன்னிக்கே."

திரை கறுத்தது. பக்கத்து அறையில் விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கட்டிலுக்குப் பின்னால் குழாய் இரண்டு தரம் சொடுக்கியது. அப்போதுதான் நான் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்கு நினைவு வந்தது.

பதிவு 169
ஜூன் 21, மாலை 6.00
அறை: பூஜ்யத்துக்குக் கீழே 9

உடைக்குள் இருக்கிறேன். பர்வீன் பேசினாள். அழுதிருக்கிறாள்.

"சார், அவர் ஒரு லெட்டர் போட்டிருக்காரு. உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு. எல்லாரும் அதத்தான் பேசறாங்க. படிக்கட்டுமா சார்?"

"சர்வர்?"

"சாவி அழிஞ்சிடுச்சு சார். அவரப் பிடிச்சுப் பேசிட்டோம். நீங்க அங்க இருக்கறது அவருக்குத் தெரியவே தெரியாதாம். சொல்லியிருந்தா ஒரு நொடில நிறுத்தியிருப்பேனேன்னு கதறுறாரு. ஏன் சார் சொல்லல?"

கடிதத்தை அனுப்பு, நானே படித்துக்கொள்கிறேன் என்றேன்.

பதிவு 170
ஜூன் 22, நேரம் பார்க்கவில்லை
அறை: கீழே 31. உடையில் மிச்சம் 14 மணி நேரம்

பர்வீன் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மறந்துவிட்டேன் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் நேரம் கண்ணில் பட்டது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன்.

அந்த ஒன்பது நிமிடம் மறுபடி கிடைத்தால் சூட்டைக் கேட்பேன் என்று எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதி அழித்தேன். எனக்கே பயமாக இருக்கிறது.

மெர்சிலா அந்தக் கடிதத்தைப் பார்த்திருப்பாளா தெரியவில்லை. யாராவது அவளிடம்

பதிவு 171
கீழே 48

விரல் வரவில்லை. கடிதத்தை இதுவரை பத்தொன்பது தடவை படித்தாயிற்று. பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். இன்னும் ஒரே ஒரு தடவை படித்துவிட்டு